கழற்றிய மாலைகள்

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில். கம்ப்யூட்டரில் எழுத்து அடித்து, படம் சேர்த்து, பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அப்பளக் கவர், ஊறுகாய் லேபிள் எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். கொஞ்ச வருஷமாக சோப்பு, ஷாம்பு, கூந்தல் தைலம், முகத்துக்குப் பூசுகிற கிரீம் என்று லேபிள் அடிக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்.

"அக்கா, நூறு சதவீதம் இயற்கைன்னு பெருசாப் போடுங்க. பக்கத்துல ஒரு பச்ச இலை போடுங்க."

என் கம்ப்யூட்டரில் இலைகளுக்கென்றே தனியாக ஒரு போல்டர் உண்டு. வேப்பிலை இருக்கிறது, துளசி இருக்கிறது, எந்த ஊர் மரத்தில் துளிர்ப்பதென்று யாருக்கும் தெரியாத ஒரு பளபளப்பான இலையும் இருக்கிறது. அந்தக் கடைசி இலைக்குத்தான் கிராக்கி. "உள்ள என்ன போட்டுருக்கீங்க?" என்று வாய் சும்மா இல்லாமல் கேட்பேன். "அதெல்லாம் எதுக்குக்கா, நீங்க இலையப் போடுங்க" என்பார்கள். முதலாளி தன் நாற்காலியில் இருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் போட்டுவிடுவேன்.

இந்தக் கேள்வி எனக்குள் கிடந்து அரிப்பதற்குக் காரணம் என் முகம். வருஷங்களுக்கு முன்னால் ஒரு பேன்சி ஸ்டோரில் முகம் வெளுக்கும் என்று ஒரு கிரீம் வாங்கினேன். டப்பாவின் முன்பக்கம் பூவும் இலையுமாக இருந்தது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. பூசிய கொஞ்ச நாளில் கன்னம் எரிந்து தோல் உரிந்தது. எரிச்சல் போய்விட்டது, இரண்டு கன்னத்திலும் கருகருவென்று மங்கு விழுந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து நான் படிக்கிற படிப்பைப் பார்த்து, கடைப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வார்கள். இடித்துக்கொள்ளட்டும். மங்கு அவர்கள் முகத்திலா இருக்கிறது?

இயல்பிலேயே நான் பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்தவள். அதனால் என் நாத்தனார், "மதினி, எம் பொடிக்கு நீங்கதான் லேபிள் எழுதித் தரணும்" என்று வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருடைய தங்கச்சி. வண்டி மோதி அவள் புருஷன் போன பிறகு, சின்னாளப்பட்டியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். "எங்களோட வந்து இரு" என்று கூப்பிட்டோம், வரவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் தொண்டை கமறியது, பிறகு இருமல், பிறகு மூச்சு விடும்போதே நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் இன்ஹேலரைக் கையில் கொடுத்து, "தூசிப் பக்கமே போகாதம்மா" என்றார். மில்லை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துதான் இந்தக் குளியல் பொடியை ஆரம்பித்தாள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு. எல்லாவற்றையும்விட அதிகமாக ரோஜா இதழ்.

அந்த ரோஜா இதழ் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. மதுரை ரோட்டில் வரிசையாகக் கல்யாண மண்டபங்கள். காலையில் முகூர்த்தம் முடிந்து, மத்தியானப் பந்தி முடிந்ததும், பொண்ணு மாப்பிள்ளை கழுத்தில் இருந்து இறங்கிய மாலைகளும் மேடையில் கட்டிய பூவும் அப்படியே குவிந்து கிடக்கும். மண்டபக் குப்பையை அள்ளுகிற லோடு ஆட்டோக்காரர் ஒருவர் அதையெல்லாம் கொண்டுபோய் ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். என் நாத்தனார் அவரை மறித்து, "அண்ணே, அதை என் வீட்டுல எறக்கிட்டுப் போங்க" என்றாள். குப்பைக்குப் போகிற பூ, பொடியானது. இதற்கென்று ஒரு செடி நட வேண்டியதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மேடைப் பூவில் ஜிகினா தூவியிருப்பார்கள், சாயம் அடித்திருப்பார்கள். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாலை ரோஜாவை மட்டும் ஒவ்வொரு இதழாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுப்பாள்.

தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். அதில் அவள் சாப்பாடே ஒழுங்காக நடக்கவில்லை. "பேசாம மில்லுக்கே திரும்பப் போகச் சொல்லு. இருமல் எல்லாருக்கும் வரத்தான் செய்யுது" என்றார் என் வீட்டுக்காரர். கெட்ட எண்ணம் இல்லை, தங்கச்சிக்கு வேறு வழி தெரியவில்லை அவருக்கு. அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் பொடி போய்ச் சேர்ந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர். பொடி அவருக்குப் பிடித்திருந்தது. மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஏனுங்க, எங்கிட்ட வர்ற பொருள் பூராவுமே இயற்கைன்னுதான் சொல்லுது. இலை படத்தப் பாத்துப் பாத்து சனங்களுக்குச் சலிச்சுப் போச்சுங்க. உங்க பாக்கெட்டுக்குப் பின்னாடி எல்லாத்தயும் எழுதோணும். எது எங்கிருந்து வருது, எப்படி வெளஞ்சது, கவரு மக்குமா மக்காதா, எல்லாம். வாங்கறவங்க படிச்சுப் பாத்து அவங்களே முடிவு பண்ணட்டும்ங்க. ஒளிவு மறைவு கூடாதுங்க."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இத்தனை வருஷம் நான் டப்பாக்களின் பின்பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தானே!

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உண்மையை எழுதுவது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்று. ஒரு வரி எழுதினால் அதற்குள் இருந்து இன்னொரு கேள்வி வரும். மாலை மண்டபத்தில் இருந்து வருகிறது, சரி; மண்டபத்துக்கு எங்கிருந்து வருகிறது? நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து. அங்கே ரோஜாவுக்கு மருந்து அடிக்காமல் யார் விடுகிறார்கள்? சேவுகம்பட்டியில் பூ போடுகிற எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். "அடிக்காட்டி மொட்டுலயே புழு தின்னுரும் தாயி. அம்புட்டுப் பேரும் அடிக்கிறதுதான்" என்றார். கழுவினால் போகுமா என்றேன். "மேலாப்புல போகும். முழுசாப் போகுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. என்னை மாதிரி எவளோ ஒருத்தி இதைத் தேய்த்து, அவள் கன்னத்தில் ஏதாவது வந்துவிட்டால்? மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். சும்மா சொல்கிறார்கள்.

கடைசியில் நான் அடித்துக் கொடுத்தது இப்படி இருந்தது. இதில் உள்ள ரோஜா இதழ்கள் கல்யாண மண்டபங்களில் கழற்றிய மாலைகளில் இருந்து எடுத்தவை. இதற்காகத் தனியாகப் பூ பயிரிடவில்லை. இது இயற்கை விவசாயப் பூ அல்ல. தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள். பல தண்ணீரில் அலசிக் காயவைக்கிறோம். மருந்து முழுதும் போகிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. இந்தக் கவர் பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, மக்காது.

கவர் விஷயம் அச்சகத்தில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும். பழுப்பு நிறத்தில் இருந்தாலே மக்கிவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். 'தெரியாது' என்ற சொல்லை ஒரு லேபிளில் நான் அடித்தது அதுதான் முதல் தடவை. முதலாளி புரூபைப் பார்த்துவிட்டு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்" என்றார்.

என் நாத்தனார் அதைப் படித்து முடித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"மதினி, நீங்க விக்கிறதுக்கு எழுதுனீகளா, வெரட்டுறதுக்கு எழுதுனீகளா?"

"உள்ளதைத்தானே எழுதிருக்கேன்."

"உள்ளதுதான். அதுக்காக இம்புட்டையுமா?"

"அந்த அம்மா ஒளிவு மறைவு கூடாதுன்னு சொல்லிருச்சு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க எனக்குத் தெரியாது. என் மூஞ்சியப் பாரு. இதுக்கும் ஒரு லேபிள் இருந்துச்சு, முன்பக்கம் மட்டும்."

அவள் என் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, அடிங்க. போனா மில்லுதான" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பாக்கெட்டுகள் கடைக்குப் போன நாளில் இருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாக்குச் சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போய், எண்ணெய் பாட்டில்களுக்குப் பின்னால் திருடி மாதிரி நின்று பார்த்தேன். வயசான அம்மா ஒருத்தர் பாக்கெட்டை எடுத்துத் திருப்பி, "ஐய, அடுத்தவ கழுத்துல கெடந்த பூவா! எவ திருஷ்டியோ" என்று கீழே வைத்துவிட்டார். அடுத்து இரண்டு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏய் இங்க பாருடி, தெரியாதுன்னு போட்டுருக்காக" என்று சத்தமாகச் சிரித்தாள். போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். "தெரியாதுன்னு சொல்றவுக மத்ததுல பொய் சொல்ல மாட்டாக" என்று மற்றவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எண்ணெய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "எண்ணெய் வேணுங்களா?" என்றார்.

அந்தப் போட்டோ எங்கெல்லாம் சுற்றியதோ, வைகாசியும் ஆனியும் பொடி நன்றாகப் போனது. நாத்தனார் ஒரு அரைவை மிஷின் வாங்கினாள். அவள் நெஞ்சில் பூனைக்குட்டிச் சத்தம் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து வாய்விட்டுப் பாடினாள். மில்லுக்குப் போன பிறகு அவள் பாடியதை நான் கேட்டதே இல்லை. எனக்கு அதிலும் ஒரு பயம். நல்லது நடந்தால் அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று நினைக்கிற சாதி நான்.

வந்தது ஆடி.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்களுக்குக் கல்யாணம் வைக்கக் கூடாத காலம் என்றால் அது தவக்காலம். ஆடியைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்கு ஆடி என்றால் அச்சகத்தில் வேலை குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். அன்றும் மிஷினில் கூழ் ஊற்றும் நோட்டீஸும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி டீயைக் குடித்துக்கொண்டே, "ஆடியில ஒரு கல்யாணப் பத்திரிகை உண்டா? நமக்கு இந்த மாசம் சோறு போடுறது செத்தவுகதான்" என்றார். வருஷா வருஷம் சொல்கிற ஜோக். நானும் வருஷா வருஷம் சிரிக்கிற மாதிரி சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கல்யாணம் இல்லை என்றால் மண்டபம் இல்லை. மண்டபம் இல்லை என்றால் மாலை இல்லை. முந்தின நாள் சாயந்தரம்தான் நாத்தனார் போனில், "பூ மூட்டை நெறய வந்து எறங்கிருக்கு மதினி, மாடியில எடமே இல்ல" என்றிருந்தாள். எங்கள் ஆட்கள் கல்யாணம் ஒன்றிரண்டு நடந்தாலும் அதில் மூட்டை நிறையாது. அப்படியானால் அது எந்தப் பூ?

கல்யாணப் பத்திரிகையே தொழிலாக வைத்திருக்கிறவள் நான். எனக்குத் தோன்றாமல் போனதே என்று மண்டையில் அடித்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சின்னாளப்பட்டி பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாக ஆடிக்காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. பஸ்ஸில் உட்கார்ந்து நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. மார்க்கெட்டில் விற்காமல் மீந்த பூவாக இருக்கட்டும். அம்மன் கோயில் பூவாகக்கூட இருக்கட்டும், எழுதிக்கொள்ளலாம். வேறு எதுவாகவும் இருக்க வேண்டாம்.

நாத்தனார் மாடியில் இருந்தாள். இதழ்கள் காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய சுங்குடிச் சேலையை மேலே விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தாள். ஓரத்தில் பிரிக்காத மூட்டைகள். நான் மூச்சு வாங்க நின்றேன்.

"ஏத்தா, இது எந்த மண்டபத்துப் பூ?"

"மண்டபம் ஏது மதினி? ஆடியில எவுக கல்யாணம் வைக்கிறாக?" நிமிராமலே சொன்னாள். "சுடுகாட்டுல இருந்து வருது. ஆட்டோக்கார அண்ணன் கேட்டாரு, அங்கயும் இதே மாதிரி குமிஞ்சு கெடக்குத்தா, கொண்டாரவான்னு. கொண்டாங்கன்னேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "வித்துட்டியா?" என்று கேட்டேன்.

"எப்படி விப்பேன்? மண்டபத்துப் பூவு போன வாரத்தோட தீந்து போச்சு. இதக் கொஞ்சம்போலத்தான் அரைச்சுப் பாத்தேன், நானே தேச்சுக் குளிச்சேன். கடைக்குக் குடுக்கணும்னா லேபிள மாத்தணும்ல? உங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீக."

"லேபிள்ல என்னத்தா எழுத?"

"உள்ளதத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "உனக்குப் புத்தி இருக்கா? எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்து சனங்க தீட்டுக் கழியக் குளிக்கிற பொடி இது. அந்தப் பொடியே எழவு மாலையில செஞ்சதுன்னா தொடுவாகளா? கல்யாண மாலைக்கே மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போனாக."

"பூ அதே பூதான மதினி? அதே தோட்டம், அதே மருந்து. அதே கடையில கட்டுனது. இது ஒரு கழுத்துல, அது ஒரு கழுத்துல. எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட மாலை அம்புட்டும் கல்லறை மதிலுக்கு வெளிய குமிஞ்சு கெடந்துச்சு. மறுநா மெழுகுவத்தி கொளுத்தப் போறேன், மாடு தின்னுக்கிட்டு நிக்கிது. மாடு திங்கலாம், நம்ம தேச்சுக் குளிக்கக் கூடாதா?"

நான் என்ன சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். "மாலைகளில் இருந்து எடுத்த இதழ்னு மட்டும் போட்டுருவோம். எந்த மாலைன்னு போட வேணாம். பொய்யுமில்ல." நான்தான் சொன்னேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்த டப்பாவை வாங்கி முகத்தைக் கெடுத்துக்கொண்டவள்.

அவள் கையில் இருந்த இதழ்களைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு பச்ச இலையும் போட்ருங்க மதினி."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் அந்த லேபிளை அடித்தேன். இந்த மாதப் பொடியில் உள்ள ரோஜா இதழ்கள் இறுதி ஊர்வல மாலைகளில் இருந்து எடுத்தவை. 'இறுதி ஊர்வலம்' என்பது நான் தினமும் அடிக்கிற சொல். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். முதலாளி பார்ப்பதற்குள் ஒரே ஒரு பிரிண்ட் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா படித்தார். மறுபடியும் முதலில் இருந்து படித்தார். வாடிக்கையாளர் யாரும் பக்கத்தில் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க எழுதுனதுல ஒரு சொல்லு பொய் இல்லீங்க. ஆனா இத என்ற கடையில வெச்சா, பக்கத்துல இருக்கற அரிசியக்கூட ஆரும் தொட மாட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க. மறுபயன்பாட்டுப் பூவுன்னு மட்டும் போட்டுக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். பொருளு நல்ல பொருளு, எனக்குத் தெரியுமுங்க. எல்லாத்தயும் சொல்லித்தான் ஆவோணுமா?"

ஒளிவு மறைவு கூடாது என்று சொன்ன அதே வாய். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. முந்தின நாள் நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்! உள்ளுக்குள் நான், "சரின்னு சொல்லு தாயே, சரின்னு சொல்லு" என்று நாத்தனாரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு மாசம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? அவள் இன்ஹேலர் என் கண் முன்னால் வந்து நின்றது.

நாத்தனார் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்தாள். "படிக்கிறவுக நம்பித்தான வாங்குறாக. வேணாம்மா. ஆடி கழியட்டும். ஆவணியில மண்டபத்துப் பூவோட வாரேன்" என்றாள்.

புதுப் பூ விலைக்கு வாங்கி அரைத்தால் கட்டுபடியாகாது. போதாததற்கு, பாக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பதும் பொய்யாகிவிடும். மிஷின் வாங்கிய கடன், வீட்டு வாடகை, எதுவும் அவளுக்காக நிற்காது. எங்களிடம் கை நீட்ட மாட்டாள். அந்த வாரமே மில் வேனில் ஏறிவிட்டாள். ஆள் கிடைக்காத மில்காரர்கள், போனவள் வந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வேன் ஜன்னலில் இருந்து எனக்குக் கை காட்டினாள். எனக்குக் கை தூக்க வரவில்லை.

அரைத்து வைத்த அந்தக் கொஞ்சப் பொடியை நான்தான் எடுத்துக்கொண்டு வந்து குளித்தேன். யார் யாருடைய கடைசி மாலையோ. முதல் நாள் கை கூசியது. பிறகு கூசவில்லை. என் மங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஷிப்ட் முடிந்ததும் போன் போடுவாள். முதல் வாரம் தொண்டை கமறல். அடுத்த வாரம், "மதினி" என்று சொல்வதற்கு முன்னால் இருமல் வந்தது. அதற்கடுத்த வாரம் போனிலேயே அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "பத்திரிகை எதுவும் அடிக்க வந்துச்சா?" ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்கிறாள். அச்சக வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் நான் எட்டிப் பார்த்தேன். வந்தவர் தோளில் துண்டும் முகத்தில் துயரமுமாக நின்றால் போஸ்டர். வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தால் பத்திரிகை. ஆடிப்பெருக்கு முடிந்து, மஞ்சள் தடவிய காகிதத்தோடு ஒரு குடும்பம் உள்ளே நுழைந்த அன்று, முன்பின் தெரியாத அந்த மணமக்களுக்காக நான் மனசுக்குள் ஜெபமாலை சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார்கூட அந்த முகூர்த்தத்துக்கு அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் மில்லில் இருந்து வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். மூட்டைகள் மறுபடியும் மண்டபத்தில் இருந்து வந்தன, கடைக்காரம்மாவும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டார். "ஏனுங்க, பொடி எங்கன்னு ஒரு மாசமா கேட்டுட்டே இருந்தாங்க" என்றார். என் நாத்தனார் மாடியில் உட்கார்ந்து இதழை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "மார்கழிக்கு என்ன செய்ய மதினி? அதுலயும் கல்யாணம் இல்லையில்ல?"

லேபிளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். கல்யாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் இந்தப் பொடி கிடைக்காது. புரூபைப் பார்க்க அவளே அச்சகத்துக்கு வந்தாள். பூவைப் பற்றி எழுதியிருந்தோம், மருந்தைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, கவரைப் பற்றி எழுதியிருந்தோம். பொடி கிடைக்காத அந்த மாதங்களில் அரைக்கிறவள் எங்கே போய் எதைச் சுவாசிக்கிறாள் என்பதற்கு அதில் இடம் இல்லை. ஒரு வரி சேர்க்கவா என்று கேட்டதற்கு, "சீ, பிச்சை எடுக்குற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதழைப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மதினி, அடிக்கச் சொல்லுங்க" என்றவளுக்கு இருமல் வந்துவிட்டது. மிஷின்காரர் காகிதத்துக்குக் கை நீட்டினார். அவள் இருமி முடிக்கிற வரைக்கும் நான் அதைக் கொடுக்கவில்லை.